தோள் போன கொத்தனாரிடம் ‘எந்தத் தேதியில் அடிபட்டது?’ என்று கேட்கிறார்கள்

12 மே 2025, கேள்வி

என் அண்ணன் கொத்தனார். சிறுவயதிலேயே கரண்டி பிடித்தவர், இப்போது வயது 46. சில மாதங்களாக வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை. தசைநார் கிழிந்திருக்கலாம் என்கிறார் மருத்துவர். இழப்பீட்டுப் படிவம் வாங்கினோம். முதல் கட்டத்திலேயே ‘விபத்து நடந்த தேதி, நேரம், இடம்’ என்று இருக்கிறது. அண்ணன் சாரத்திலிருந்து விழவில்லை. அவர் மேல் எதுவும் விழவும் இல்லை. "விழாத ஆளுக்கு என்ன இழப்பீடு?" என்று மேற்பார்வையாளர் சிரிக்கிறார். அவர் சொல்வது சரிதானா?

12 மே, இரவு, பதில்

சரியில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அவர் கண்டுபிடித்ததும் இல்லை. சட்டமே அப்படித்தான் பிறந்தது.

பிஸ்மார்க் காலத்து ஜெர்மனியில் 1884இல் வந்த காப்பீட்டுச் சட்டம் விபத்துக்கு மட்டுமே பணம் தந்தது. வேலையால் வரும் நோய்களை அங்கே சேர்த்தது 1925இல். பிரிட்டன் 1897இல் சட்டம் போட்டது. நோய்களைச் சேர்த்தது 1906இல், அதுவும் ஆறே நோய்கள்: ஆந்த்ராக்ஸ், கொக்கிப்புழு, ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்சனிக் நஞ்சு. கொத்தனாருக்கு அதில் ஒன்றும் கிடையாது. கீழே விழுகிற கொத்தனாரை மனத்தில் வைத்து எழுதிவிட்டு, தேய்கிற கொத்தனாரைப் பிறகு எங்கேயோ இடுக்கில் நுழைத்தார்கள். விழுகிறவர்கள் சிலர். தேய்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும்: விபத்து, தொழில்நோய். அண்ணன் இரண்டாவது வழியில் போக வேண்டியவர். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒரு தேதியை இட்டுக்கட்டியும் எழுதாதீர்கள், "அன்று யார் பக்கத்தில் நின்றார்கள்?" என்ற அடுத்த கேள்வியிலேயே அது கவிழும். ‘ஆண்டுக்கணக்கான கொத்து வேலையால் படிப்படியாக’ என்று எழுதிவிட்டு, வலி வேலையைத் தடுக்கத் தொடங்கிய மாதத்தையும், இது வேலையால் வந்தது என்று மருத்துவர் சொன்ன நாளையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். மனுச் செய்யும் காலக்கெடு பல இடங்களில் இந்த இரண்டாவது நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

முதலாளிக்கு எழுத்தில் தெரிவிப்பதை மட்டும் நாளைக்கே செய்துவிடுங்கள். வாயால் சொன்னதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

13 மே

தம்பி, அண்ணனிடம் ஒன்று கேளுங்கள்: ஏதாவது ஒரு நாள், ஒரு கல்லைத் தூக்கும்போது, உள்ளே ‘பட்’டென்று ஏதாவது உணர்ந்தாரா? அப்படி ஒரு நாள் இருந்தால், அவர் விழாமலே அது விபத்தாகலாம்.

1903இல் பிரிட்டனின் அன்றைய இறுதி நீதிமன்றமான பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. இயந்திரச் சக்கரம் ஒன்று திரும்ப மறுத்தது, தொழிலாளி தம் கட்டித் திருப்பினார், குடலிறக்கம் ஏற்பட்டது. வழுக்கவில்லை, விழவில்லை, எதுவும் உடையவில்லை. இது விபத்தா? எதிர்பாராமலும் யாரும் திட்டமிடாமலும் நேர்ந்த கேடு விபத்துதான் என்றார் நீதிபதி மக்னாட்டன் பிரபு. 1910இல் இன்னொன்று: ரத்தக்குழாய் வீங்கி எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற நிலையில் இருந்த ஒருவர், ஸ்பேனரால் நட்டு ஒன்றை முறுக்கும்போது இறந்துபோனார். படுக்கையில் புரண்டிருந்தாலும் வெடித்திருக்கும் என்பதுதான் எதிர்த்தரப்பு வாதத்தின் சுருக்கம். வெடித்தது வேலையில், ஆகவே இழப்பீடு உண்டு என்று தீர்ந்தது.

"ஏற்கெனவே தேய்ந்த தோள்" என்று யாராவது தொடங்கினால், இந்த நட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த நோயை வேலை மோசமாக்கினாலும் பொறுப்பு உண்டு என்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கின்றன.

15 மே

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் வாழ்நாளில் தூக்கிய ஒவ்வொரு கல்லும் ஒரு குட்டி விபத்து" என்று எழுதியிருக்கிறார். அழகான வாதம். 1948இல் தோற்ற வாதம்.

வேல்ஸ் நாட்டு ஸ்லேட் கல் குவாரித் தொழிலாளிக்கு சிலிக்கோசிஸ், அதாவது கல்தூசியால் வரும் நுரையீரல் நோய். மூச்சில் போன தூசியெல்லாம் சிறுசிறு விபத்துகள் என்று வழக்கு. பிரபுக்கள் சபை ஏற்கவில்லை: மெல்ல மெல்ல நடப்பது விபத்து ஆகாது. எனவே 13ஆம் தேதி சொன்னதை அதன் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட நாள் இருந்தால் அந்த வழி. இல்லையென்றால் தொழில்நோய்ப் பட்டியல்.

பட்டியல்களில் வேடிக்கை உண்டு. உலகத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலில் முழங்கால் இருக்கிறது: நெடுநேரம் மண்டியிடுவதால் முட்டிச் சில்லின் முன் வரும் வீக்கம், குந்தி வேலை செய்வதால் கிழியும் மூட்டுச் சவ்வு. முழங்கை இருக்கிறது, மணிக்கட்டு இருக்கிறது. தோளும் இடுப்பும் பெயர் சொல்லி இல்லை. வேலையோடு நேரடித் தொடர்பு நிறுவப்பட்டால் மற்றவற்றையும் ஏற்கலாம் என்ற பொதுப் பிரிவுக்குள் அவை நுழைய வேண்டும். ஆண்டுக்கணக்காகப் பாரம் தூக்கிய கீழ்முதுகை ஜெர்மனி 1993இல் சேர்த்தது. தோளின் தசைநார்க் கிழிசல் அங்கே பட்டியலுக்கு வந்தது 2025 ஏப்ரலில்தான். கேள்வி கேட்டவரின் அண்ணன் கரண்டி பிடித்தபோது அந்த வரி உலகில் பல இடங்களில் இல்லை. ஆகவே யாராவது பழைய பட்டியலைக் காட்டி "இல்லை" என்றால், எந்த ஆண்டுப் பட்டியல் என்று கேளுங்கள்.

18 மே

இனி மருத்துவரின் தாள். இதில்தான் முக்கால்வாசி வழக்குகள் ஜெயிக்கின்றன அல்லது செத்துப்போகின்றன.

நானும் கொத்து வேலையிலிருந்து வந்தவன். இடுப்புப் பக்கத்து முதுகெலும்புத் தட்டு பிதுங்கியபின் சாரத்தை விட்டு இறங்கி, பணியிடத்தில் கணக்குப் புத்தகமும் விபத்துப் பதிவேடும் எழுதும் ஆளானேன். என் இடுப்புக்காக நான் போட்ட மனுவில் முதல் மருத்துவர் எழுதிய வரி: ‘வயது சார்ந்த தேய்மானம்’. அப்போது எனக்குத் தலையில் ஒரு நரைகூட இல்லை. அவர் பொய் எழுதவில்லை. என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, நானும் வலியைச் சொன்னேனே தவிர வேலையைச் சொல்லவில்லை. இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700ஆம் ஆண்டிலேயே, நோயாளியிடம் ‘உன் தொழில் என்ன?’ என்றும் கேட்க வேண்டும் என்று சக மருத்துவர்களுக்கு எழுதி வைத்தார். செய்தி என் மருத்துவருக்குப் போய்ச் சேரவில்லைபோலும்.

‘கொத்தனார்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வராதீர்கள். கையின் அசைவைச் சொல்லுங்கள். குறிப்பாக இந்த அண்ணனுக்கு வலது தோள். எதிர்த்தரப்பில் தொழில் தெரிந்த ஆள் இருந்தால் உடனே பிடிப்பார்: வலக்கைக்காரர் வலக்கையில் கரண்டி வைத்திருப்பார், செங்கலை எடுப்பது இடக்கை, பிறகு வலது தோள் எப்படிப் போனது? பதில் உண்டு. பூச்சு வேலை. கூரையின் அடிப்பக்கத்துக்குச் சாந்து அடிக்கும்போது வலக்கை தலைக்கு மேலேயே இருக்கிறது. வீசி அடிப்பது ஒரு பங்கு என்றால், அதன்பின் பூச்சைச் சமப்படுத்தும் மணியாஸ் கட்டையை அழுத்தித் தேய்ப்பது மூன்று பங்கு. கட்டை மேலே, முழங்கை காதுக்குப் பக்கத்தில், கழுத்து பின்னால் சாய்ந்து, கண்ணில் சாந்து விழாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு. அதோடு ஹாலோ பிளாக் கல். அதை ஒரு கையால் தூக்க முடியாது. சுவரில் செங்குத்தாகக் கம்பி நிற்கும் இடங்களில் 15 கிலோவைத் தாண்டும் அந்தக் கல்லைக் கம்பியின் உச்சி வரை தூக்கி, துளையில் கோத்து இறக்க வேண்டும். ஒரு பக்கம் திறந்த கல் வாங்கியிருந்தால் பக்கவாட்டில் நுழைத்திருக்கலாம். அதை வாங்கும் முடிவு கொத்தனாருடையது இல்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பிரான்சின் தொழில்நோய் அட்டவணை தோளுக்கு என்ன கேட்கிறது என்று பாருங்கள். தாங்கல் இல்லாத கை, உடலிலிருந்து 60 பாகையோ அதற்கு மேலோ விலகிய நிலையில் நாளுக்கு 2 மணி நேரம். அல்லது 90 பாகையில் 1 மணி நேரம். கிழிசலை எம்.ஆர்.ஐ. காட்ட வேண்டும். உங்கள் சட்டத்தில் அந்த எண்கள் இல்லாவிட்டாலும் அந்த மொழியில் பேசுங்கள். ‘கஷ்டமான வேலை’ என்று எழுதினால் அது புலம்பல். ‘தினமும் இத்தனை மணி நேரம் முழங்கை தோளுக்கு மேல்’ என்று எழுதினால் அது சாட்சியம்.

19 மே

ஒருவர் கேட்கிறார்: பூச்சு அடிக்கும்போது பாகைமானி வைத்து அளக்க வேண்டுமா என்று. ரசமட்டம் வைத்திருக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள், அதையும் செய்துவிடுவார்.

24 மே

தோளை விட்டுச் சற்று விலகுகிறேன். "சிமெண்ட் எல்லாம் ஒரு காயமா, கையுறை போட்டால் போதும்" என்று ஒரு பொறியாளர் எழுதியிருக்கிறார். பொறியாளர் என்று அவரே சொன்னது.

ஈரச் சிமெண்ட் கலவையின் காரத்தன்மை, pH அளவில், 12 முதல் 13 வரை. அடுப்புச் சூடு பட்டால் கையை உடனே இழுத்துக்கொள்வோம். இது அப்படிச் சுடாது, அதுதான் கேடு. என்னோடு வேலை செய்த ஒருவர் தளம் போடும்போது மண்டியிட்டபடியே மட்டம் இழுத்துக்கொண்டு போனார். கால்சட்டை முட்டியில் நனைந்திருந்தது. வேலை முடியும் வரை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலையில் துணியை உரித்தபோது முட்டித் தோல் வெள்ளையாக, ஊறியதுபோல் இருந்தது. மறுநாள் அது கறுத்துப் பள்ளமானது. தோல் ஒட்டு வைக்க வேண்டியதாயிற்று. முழங்கைக்கு மேல் உறை போட்டு என்ன பயன், அவர் எரிந்தது முட்டியில். கையுறைக்குள் கலவை புகுந்துவிட்டால் இன்னும் மோசம், கழற்றும்வரை உள்ளேயே ஊறும்.

இந்த விபத்துக்குத் தேதியும் உண்டு, இடமும் உண்டு. ஆனாலும் பதிவேட்டில் ஏறவில்லை. ரத்தம் வராததால் யாரும் அதை விபத்தாக நினைக்கவில்லை, அவரும்தான். நான் பதிவேடு எழுதத் தொடங்கியபின் இந்த மாதிரிக் ‘காயமில்லாக் காயங்களை’ எழுதிக்கொண்டே இருந்தேன். மேலிடத்திலிருந்து ஒருவர், "உன் வருகைக்குப் பிறகு விபத்து கூடிவிட்டதே" என்றார்.

25 மே

நேற்றைய குறிப்புக்கு ஒரு வால். எரிவது ஒன்று, ஒவ்வாமை வேறு. சிமெண்டில் உள்ள குரோமியம் தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமல் போனால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஒவ்வாது. தொழிலையே விட்டவர்களை எனக்குத் தெரியும். இரும்பு சல்பேட் சேர்த்தால் அந்தக் குரோமியம் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. மூட்டையில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சொறி வந்தால் சொறிந்துகொண்டே இருக்காமல் தோலில் மருந்தை ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்து முடிவைத் தாளாக வாங்குங்கள்.

2 ஜூன்

"தொழிலாளியின் கவனக்குறைவு என்றால் ஒன்றும் கிடைக்காது" என்று இரண்டு பேர் உறுதியாகச் சொல்கிறார்கள். இதைத்தான் மேற்பார்வையாளர்களும் சொல்வார்கள், அதே உறுதியோடு.

இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படையே யார் தவறு என்று கேட்காமல் கொடுப்பது. அதற்கு விலையாகத் தொழிலாளி பல நாடுகளில் முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தார். சாதாரணக் கவனக்குறைவு அதில் அடங்கும். போதையில் இருந்தது, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியது போன்றவற்றுக்குத்தான் விலக்கு. அதையும் முதலாளி நிரூபிக்க வேண்டும். தலைக்கவசம் இல்லை என்று சொல்கிறவரிடம் கொடுத்ததற்கான கையெழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

முன்பு எப்படி இருந்தது தெரியுமா? 1837இல் இங்கிலாந்தில் கிளம்பிய ஒரு தீர்ப்பின் வழியில், சக தொழிலாளியின் தவறால் அடிபட்டால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. மேலே நிற்கும் சித்தாள் கைதவறிப் போட்ட செங்கல் கீழே நிற்கும் கொத்தனார் தலையில் விழுந்தால், கொத்தனார் சித்தாளிடம்தான் கேட்க வேண்டும். சித்தாளிடம் என்ன இருக்கும்!

1897 சட்டம் வந்தபோதும் ஒரு கூத்து. கட்டட வேலைக்கு இழப்பீடு உண்டு, ஆனால் கட்டடம் 30 அடிக்கு மேல் உயரம் இருக்க வேண்டும். 29 அடிக் கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தால் ஒன்றும் இல்லை. அளக்க வேண்டியது விழுந்த உயரத்தைக்கூட அல்ல, கட்டடத்தின் உயரத்தை. விழுந்தவரைத் தூக்கும் முன் டேப் எடுத்திருப்பார்கள். 1906இல் தூக்கினார்கள் அந்த விதியை.

9 ஜூன்

தனியாக ஒருவர் கேட்டதை அவர் அனுமதியோடு இங்கே வைக்கிறேன். சதுர அடிக் கணக்கில் வேலை எடுத்தவர். கட்டர் தகடு உடைந்து கண்ணில் அடித்தது. "நீ ஒப்பந்தக்காரன், தொழிலாளி இல்லை" என்கிறார் மேஸ்திரி. மேஸ்திரிக்கு மேல் துணை ஒப்பந்தம், அதற்கு மேல் பெரிய ஒப்பந்தக்காரர்.

கணக்கு சதுர அடியா நாள் கூலியா என்பதை மட்டும் வைத்து இது முடிவாகாது. யார் நேரம் சொல்கிறார்கள், கலவையும் சாரமும் யாருடையவை, நீங்கள் வராவிட்டால் உங்கள் இடத்தில் வேறு ஆளை அனுப்ப முடியுமா, இடித்துக் கட்டு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு. இவற்றைத்தான் பார்ப்பார்கள். சொந்தக் கரண்டி வைத்திருப்பதால் யாரும் முதலாளி ஆகிவிடுவதில்லை. சங்கிலியின் மேல் கண்ணியைப் பிடிக்கும் வழியும் பழையது: அந்த 1897 சட்டத்திலேயே, வேலையைக் கைமாற்றிவிட்டவர் துணை ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் பொறுப்பு என்று இருந்தது. மனுவில் மூவரின் பெயரையும் போடச் சொன்னேன். ஒருவரை ஒருவர் கைகாட்டட்டும், மூன்று பேரும் அங்கேயே இருப்பார்கள்.

20 ஜூன்

தூசி பற்றி ஏன் எழுதவில்லை என்று திட்டு விழுந்திருக்கிறது. நியாயம்.

செங்கல், கான்கிரீட், மணற்கல் எல்லாவற்றிலும் படிக சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் அடி வரை போவது கண்ணுக்குத் தெரியாதது. அமெரிக்காவின் 2016 விதி, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. உலர்ந்த கல்லைக் கட்டரால் அறுக்கும் கொத்தனார் அந்த வரம்பைச் சற்று நேரத்திலேயே தாண்டிவிடுவார். தகட்டில் தண்ணீர் விழ வைத்தால் பெரும்பகுதி அங்கேயே அடங்கும். முகத்தில் கட்டும் துண்டு வியர்வைக்கு நல்லது, இதற்கு உதவாது.

இழப்பீட்டில் இதன் சிக்கல் தோளைவிடப் பெரியது. சாதாரணமாக, இந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் தலைகாட்டப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். வேலையை விட்டபின்னும் வளரும். அதற்குள் முதலாளிகள் பலர் மாறியிருப்பார்கள், சிலர் கடையை மூடியிருப்பார்கள். சில சட்டங்கள் கடைசி முதலாளியைப் பிடிக்கும், சில எல்லோருக்கும் பங்கு போடும். இன்னொன்று, சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் பிடிக்கும். காசநோய் என்று மட்டும் எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால், அடியில் இருக்கும் தொழில்நோய் தாளில் வராமலே போய்விடும். எக்ஸ்ரே படத்தைத் தொலைக்காதீர்கள்; பிறகு எடுக்கும் படத்தோடு ஒப்பிட அதுதான் உதவும்.

28 ஜூன்

முதுகைக் காப்பாற்ற வழியே இல்லையா என்று கேட்டவருக்கு. உண்டு, பழையது. 1885இல் பாஸ்டனில் 17 வயதில் கொத்து வேலை பழகப் போன பிராங்க் கில்பிரெத், ஒரு செங்கல் வைக்க ஆளுக்கு ஆள் வேறு விதமாக உடம்பை வளைப்பதைக் கவனித்தார். பிற்பாடு 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்தார். செங்கலையும் சாந்தையும் இடுப்பு உயரத்தில் வைக்க, சுவரோடு சேர்ந்து உயரும் சாரம் அமைத்தார். மணிக்கு 120 செங்கல் வைத்த ஆட்கள் 350 வைத்தார்கள் என்று கணக்கு.

அவர் நினைத்தது முதுகை அல்ல, வேகத்தை. மிஞ்சியதில் முதுகுக்கும் பங்கு கிடைத்தது. நூறாண்டுக்கு மேலாகிறது. இன்னமும் செங்கல் தரையில்தான் கிடக்கிறது, கொத்தனார் குனிகிறார்.

11 ஜூலை

முதல் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது, கிழிசல் உறுதி. மருத்துவரும் வேலையின் அசைவுகளைக் குறிப்பிட்டுத் தொடர்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். உடனே அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது. ஒரு தொகை தருகிறோம், இத்துடன் எல்லாம் தீர்ந்தது என்று கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்களாம். கூடவே ‘லேசான வேலை’யும் தருவார்களாம்.

அவசரப்படாதீர்கள். நிரந்தர இயலாமைச் சதவீதத்தை, சிகிச்சை முடிந்து தோள் இனி இதற்கு மேல் தேறாது என்ற நிலைக்கு வந்தபின்தான் மதிப்பிட வேண்டும். இப்போதே மதிப்பிட்டால் அறுவைச் சிகிச்சை தோற்றாலும் அதே எண்தான். ‘எல்லாம் தீர்ந்தது’ என்ற வரிக்குள் எதிர்காலச் சிகிச்சைச் செலவும் அடங்குகிறதா என்று சட்டம் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பணம் தருவதாகச் சொல்வது நல்லதே. அந்த வரி இல்லாமலும் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

லேசான வேலையை மறுத்தால், வேலை செய்ய முடியாத காலத்துக்கு இழப்பீடாக வரும் வாரத்தொகையை நிறுத்த சில சட்டங்கள் வழி தருகின்றன, ஆகவே வெறுமனே மறுக்க வேண்டாம். ‘லேசான’ என்பதை மருத்துவரிடம் எண்ணாக வாங்குங்கள்: வலக்கை தோளுக்கு மேல் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது, இந்தத் தேதி வரை. எனக்குக் கொடுத்த லேசான வேலை சிமெண்ட் மூட்டைகளை எண்ணுவது. எண்ணுவதற்கு அவற்றை நகர்த்த வேண்டியிருந்தது.

பழைய முதலாளிகள் பட்டியலில் அண்ணனுக்குப் பாதிப் பெயர் நினைவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயரைத் தேடிக் காலம் கடத்தாதீர்கள். கட்டடத்தை எழுதுங்கள், எந்த மாடியில் பூசினார் என்று எழுதுங்கள், கூட நின்றவர்களில் இன்றும் தொடர்பில் இருப்பவர்களை எழுதுங்கள். அவர்களில் இருவர் கையெழுத்திட்டுத் தந்தால் இப்போதைக்கு அது போதும். அறுவைச் சிகிச்சைத் தேதி முடிவானதும் சொல்லுங்கள். வாரத்தொகைக்கான மனு அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.